கதை பழசாகுமுன்

வீடு வாங்கவோ விற்கவோ போகிறவர்களிடம் தரகர்கள் கேட்கும் கேள்விகள் எனக்குப் பாடம். எத்தனை அறை, ஓடா தகரமா, கிணறு நல்ல தண்ணியா உவரா, உறுதிக் காணியா பெர்மிட் காணியா. நான் சொல்லப்போகும் தரகர் இவற்றில் ஒன்றையும் முதலில் கேட்கமாட்டார். வீட்டு வாசல் படலையடியில் சைக்கிளை நிறுத்துவார். ஹாண்டிலில் தொங்கும் கறுப்புக் குடையை எடுத்து நிலத்தில் ஊன்றுவார். வீட்டை நிமிர்ந்தும் பார்க்காமல் கேட்பார்.

"இந்த வீடு எத்தனை நாளா ஊர் வாயில கெடக்கு?"

முகத்துக்கு முன்னால் அவரை எல்லோரும் குடையக்கா என்றார்கள். முதுகுக்குப் பின்னால் குடைக்காரி. கிளிநொச்சியில் தொண்ணூறுகளின் முதற்பாதியில் தொலைபேசி இல்லை, மின்சாரம் இல்லை, விளம்பரம் போட ஒரு பத்திரிகை ஒழுங்காக வருவதில்லை. வீடுகள் வாயால்தான் விற்கப்பட்டன. அந்த வாய்களை எப்போது திறப்பது, எப்போது மூடுவது என்பதுதான் அவருடைய தொழில். கலவரம் ஒன்றுக்குப் பிறகு மலைநாட்டிலிருந்து இறங்கி வந்து காடு வெட்டிக் குடியேறியவர். வன்னியில் அத்தனை வருடம் இருந்தும் "போறேங்க, வாறேங்க" என்ற பேச்சு மாறவில்லை. மாற்ற அவர் விரும்பியதாகவும் தெரியவில்லை.

எங்கள் வீட்டுப் படலைக்கு அவர் வந்தபோது அங்கே ஒரு பலகை தொங்கிக்கொண்டிருந்தது. நல்ல முதிரை மரப் பலகை. 'விற்பனைக்கு' என்று அதில் எழுதியவள் நான். தொழில்நுட்பக் கல்லூரியில் படவரைஞர் பயிற்சி முடித்து வேலைக்குச் சேர்ந்த புதிது. எழுத்தின் உயரம், எழுத்துக்கும் எழுத்துக்கும் உள்ள இடைவெளி, ஓரம் எல்லாவற்றையும் அளந்து, பென்சிலால் கோடு போட்டு, பிறகு எனாமல் பெயின்ற் பூசினேன். தெருவால் போகிறவர்கள் நின்று பார்ப்பார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது.

அவரும் நின்று பார்த்தார். யார் எழுதியது என்று கேட்டார். நான் என்றேன்.

"அழகா எழுதியிருக்கீங்க புள்ள. மழை கூட அழிக்கல," என்றார். பிறகு குடை நுனியால் பலகையைத் தட்டினார். "அதுதான் தொல்லை."

வீட்டை ஏன் விற்க நினைத்தோம் என்பதைச் சொல்லிவிடுகிறேன். அக்கராயனில் அம்மாவின் ஒரே தங்கை, என் சின்னம்மா, இருந்தார். சித்தப்பா இறந்தபின் தனியாள். அவருடைய வீட்டு வளவுக்கு அடுத்த வளவு ஒரு ஓய்வுபெற்ற வாத்தியாருடையது. அந்தப் பக்கத்தில் அரிதான, பத்திரம் உள்ள உறுதிக் காணி, கூடவே குளத்துத் தண்ணீர் பாயும் வயல். வாத்தியார் மல்லாவியில் இருந்த மகளிடம் போக முடிவுசெய்து, முதலில் எங்களைத்தான் கேட்டார். அடுத்த வருட மழைக்காலப் பெரும்போக விதைப்பு வரைக்கும் பார்த்துக்கொண்டிருப்பேன், அதற்குள் உங்கள் வீட்டை விற்றுவிட்டு வாருங்கள் என்றார்.

அப்பா அதை வயலாகப் பார்த்தார். நான் அதை வேலைக்குப் போய்வர நீண்ட சைக்கிள் ஓட்டமாகப் பார்த்தேன். அம்மா பார்த்தது வேறு. இரண்டு வளவுக்கும் நடுவில் ஒரு வேலி. அந்த வேலியில் ஆள் நுழையுமளவுக்கு ஒரு இடைவெளி, பொட்டு என்போம். கல்யாணம் முடித்த நாளிலிருந்து வேறு வேறு ஊரில் இருந்த இரண்டு சகோதரிகள், கறிக்கு உப்பில்லை என்று அந்தப் பொட்டுக்குள்ளால் போய் வருவது. அம்மா இதைச் சத்தமாகச் சொன்னதில்லை. ஆனால் சின்னம்மாவிடம் போய்வரும் ஒவ்வொரு முறையும் வேலியில் பொட்டு வைக்க எந்த இடம் என்று பார்த்துக்கொண்டு வருவது எனக்குத் தெரியும்.

பலகை தொங்கத் தொடங்கியது குடையக்கா வந்ததற்கு முந்திய வருடப் பொங்கலுக்கு. முதல் மாதம் நிறையப் பேர் வந்தார்கள். அப்பா எல்லோரிடமும் ஆறுதலாக யோசியுங்கோ என்றார். அவர்களும் ஆறுதலாக யோசித்தார்கள். பிறகு வருவது குறைந்தது. வந்தவர்கள் வீட்டைப் பார்ப்பதை விட்டு எங்கள் முகத்தைப் பார்க்கத் தொடங்கினார்கள். "இன்னும் போகேல்லையோ?" என்று தெருவில் துக்கம் விசாரிப்பது போல் கேட்டார்கள். போகாததற்குக் காரணங்களை ஊரே கண்டுபிடித்தது. கிணற்றில் யாரோ விழுந்ததாம். உறுதியில் பிழையாம். கூரைக்குள் சாரை குடியிருக்கிறதாம். கடைசியில் சந்தியடிச் சைக்கிள் கடைக்காரர் வந்து, வீட்டை விடுங்கோ, ஓட்டை மட்டும் கழற்றித் தருவீங்களோ என்று கேட்டார். அன்று அம்மா சோறு தின்னவில்லை.

எனக்கு ஒரு பழக்கம், எதையும் வரிசைப்படுத்தினால்தான் விளங்கும். வீட்டில் என்ன குறை என்று குறித்து வைத்திருந்தேன். குசினிப் புகைபோக்கி, மேற்கு அறையின் சூடு, கிணற்றுக்கட்டின் வெடிப்பு. குடையக்காவிடம் எல்லாவற்றையும் வாசித்தேன். அம்மா கதிரையை நகர்த்தி வைத்தார். அவர் அதில் உட்காரவில்லை. விற்கிற வீட்டில் உட்கார்ந்தால் எழும்ப மனம் வராது என்றார். நான் வாசித்து முடிக்கும்வரை நின்றே கேட்டார்.

"எல்லாம் சரிதான் புள்ள. ஆனா வாறவன் வீட்டப் பாக்கல. நீங்க எவ்வளவு நாளாக் காத்துக்கிட்டு நிக்கிறீங்கன்னு பாக்குறான். வீட்டுல குறையில்ல. கதை பழசாப் போச்சு."

அதற்கு அவர் சொன்ன மருந்து அப்பாவுக்குப் பைத்தியக்காரத்தனமாகப் பட்டது. பலகையைக் கழற்ற வேண்டும். யார் கேட்டாலும் விற்கவில்லை, இருக்கப்போகிறோம் என்று சொல்ல வேண்டும். சொன்னால் போதாது, இருக்கப்போகிறவர்கள் செய்வதைச் செய்ய வேண்டும். வேலிக்குத் துளிர்க்கும் தடிகளாகப் புதுக் கதியால் நட வேண்டும். கிணற்றுக்கட்டைப் பூச வேண்டும். வாழை வைக்க வேண்டும். ஊர் பழைய கதையை மறந்த பிறகு, ஆவணியில் அவர் வந்து புதுக் கதை தொடங்குவார். அப்போதுதான் சிறுபோக நெல் விற்ற காசு ஆட்களின் கையில் இருக்கும். கிணறும் அடியைக் காட்டும். நிறைந்த கிணற்றைக் காட்டி விற்றால் வாங்கியவன் கோடையில் வந்து ஏசுவான் என்பது அவர் கணக்கு.

"ஒரு ஆளுக்கும் சொல்லாதீங்க," என்றார். "கூடப் பொறந்தவங்களுக்குக் கூட."

அம்மா தயங்கினார். "தங்கச்சிக்கு மட்டும் சொல்லலாம் தானே? அவள் வாய் திறக்க மாட்டாள்."

"வாய் திறக்க மாட்டாங்க அம்மா. மொகம் திறந்துடும்."

அப்பா பலகையைக் கழற்றிப் பின்பக்கச் சாய்ப்புக் கொட்டிலுக்குள் வைத்தார். புது விளையாட்டு ஒன்றைத் தொடங்குவது போல எனக்கு உற்சாகமாக இருந்தது.

குடையக்கா எல்லாவற்றையும் அப்படித்தான் பார்த்தார். ஒருமுறை அவருடைய ஆட்டை வாங்க ஒருவர் மூன்றாம் தரம் வந்தபோது, இனி அது ஆடில்லை, உங்கள் வாயில் மென்ற புல் என்று திருப்பி அனுப்பினார். எனக்கு வந்த சம்பந்தம் ஒன்று தட்டிப்போனபோது அம்மா அவரிடம் சொல்லி அழுதார். அவர் ஆறுதல் சொல்லவில்லை. "புள்ளயோட சாதகத்த எப்ப வெளிய விட்டீங்க?" என்று கேட்டார். நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. அதையும் கொஞ்சம் உள்ளே எடுத்து வைக்கச் சொன்னார். அதன் பிறகு வீட்டில் ஒரு நல்ல காலத்துக்கு என் கல்யாணக் கதை நின்றது. அதற்காக நான் இன்றும் அவருக்கு நன்றி சொல்லவேண்டும்.

ஒருநாள் கிணற்றடியில் நின்று தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தபோது, நீங்கள் பிறந்த வீட்டை விற்றுவிட்டா வந்தீர்கள் என்று கேட்டேன். செம்பை வைத்துவிட்டுச் சொன்னார்.

"அது தேயிலைத் தோட்டத்து லயக் காம்பரா புள்ள. எங்க தாத்தா பொறந்தாரு, அப்பா பொறந்தாரு, நான் பொறந்தேன். விக்க ஏலாது. எங்களோடது இல்ல." பிறகு எங்கள் உத்தரத்தைப் பார்த்தார். "அதனாலதான் விக்கக்கூடிய வீட்டப் பாத்தா எனக்குக் கை துறுதுறுங்குது."

நாங்கள் இருக்கப்போகிறவர்களாக வாழத் தொடங்கினோம். விளைவு நான் எதிர்பார்த்ததைவிட விரைவாக வந்தது. புதுக் கதியால் துளிர்த்தது. தெருவில் கேள்வி மாறியது. "விக்கிறேல்லை எண்டு முடிவெடுத்திட்டீங்களாம், நல்லது, இப்பிடி ஒரு வீடு எங்க கிடைக்கும்?" கிணற்றில் விழுந்த ஆள் மறைந்து போனார். சாரை மறைந்து போயிற்று. ஆடி மாதத்தில் சைக்கிள் கடைக்காரர் தானாகவே வந்து, உண்மையாகவே விற்கவில்லையோ என்று அப்பாவிடம் கேட்டார். அப்பா வாழைக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டே இல்லைத் தம்பி என்றார். அவர் போகும்போது இரண்டு தரம் திரும்பிப் பார்த்தார். குடையக்காவிடம் நான் ஓடிப்போய்ச் சொன்னேன். அவருக்குக் கண் மின்னியது. "இன்னும் கொஞ்சம் பொறுங்க," என்றார்.

பிழை நடந்தது அங்கேதான்.

ஒரு புதன்கிழமை பின்னேரம் அக்கராயன் பஸ் கொண்டக்டர் படலையில் நின்று அம்மாவுக்குச் செய்தி சொல்லிவிட்டுப் போனார். சின்னம்மா அனுப்பியது. 'அக்காவை எதிர்பார்க்க வேண்டாம் என்று வாத்தியாருக்கு நானே சொல்லிவிட்டேன். வெள்ளிக்கிழமை வேறு ஆட்கள் அச்சாரம் கொடுக்க வருகினம். அக்கா சுகமாக இருக்கட்டும்.'

நாங்கள் விற்கவில்லை என்ற கதை ஊர் முழுதும் போனதுபோல் அக்கராயனுக்கும் போயிருக்கிறது. சின்னம்மா நம்பியிருக்கிறார். எங்களிடம் கேட்கவும் இல்லை. கேட்டால் அக்காவுக்குச் சங்கடம் என்று நினைத்திருப்பார். அம்மா குசினிக்குள் போனார்.

நான் சைக்கிளில் போய்க் குடையக்காவைக் கூட்டிக்கொண்டு வந்தேன். அவர் செய்தியைக் கேட்டார். பிறகு, எங்கள் வீட்டில் முதல் தடவையாக, அம்மா எப்போதோ நகர்த்தி வைத்த கதிரையில் இருந்தார். குடை கைநழுவி விழுந்தது. எடுக்கவில்லை.

"நான்தான் சொல்ல வேணாம்னேன்," என்றார். "கூடப் பொறந்தவங்ககிட்ட."

பிறகு எழும்பிக் குடையை எடுத்தார்.

"நாளைக்கு ஒரு நாள்," என்றார் அப்பாவிடம். "நாளைக்குப் பொழுது சாயிறதுக்குள்ள. அதுக்கு மேல இந்த வீடு விக்கிறதுக்கு இல்ல."

கதையை விடுவதற்கு அவரிடம் மூன்று வாசல்கள் இருந்தன. மா அரைக்கும் மில், சந்தியடிச் சலூன், பஸ் நிலையத் தேநீர்க்கடை. அன்று பின்னேரமே மூன்றுக்கும் போனார். மூன்றிலும் ஒரே சொல்லைத்தான் சொன்னாராம்: அந்த வீட்டை நாளைக்கு ஒரு நாள் மட்டும் கொடுக்கப்போகிறார்களாம், ஏனென்று எனக்குத் தெரியாது.

வியாழக்கிழமை நான் லீவு போட்டேன். காலையில் ஒருவரும் இல்லை. வெயில் ஏறியதும் படலையில் ஒரு சைக்கிள் மணி கேட்டது. பிறகு இன்னொன்று. பிறகு எண்ணுவதை விட்டுவிட்டேன். ஒருவர் குடும்பத்தோடு டிராக்டர் பெட்டியில் வந்தார். வேலி முழுதும் சைக்கிள்கள் சாய்ந்து நின்றன. முன்பு மேற்கு அறை சூடென்று மூக்கைச் சுளித்தவரே இப்போது அங்கே நின்று நல்ல காற்று என்றார். குடையக்கா உச்சி வெயிலில் எல்லோரையும் கிணற்றைச் சுற்றி நிறுத்திவிட்டார். வீட்டுக்குள் அழைத்துப் போகவில்லை. ஒருவரையொருவர் பார்க்கட்டும் என்றுதான் கிணற்றடிக்குக் கூட்டினார் என்று எனக்குப் பிறகுதான் விளங்கியது.

சைக்கிள் கடைக்காரர் கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தார்.

"அடி தெரியுதுங்களா?" என்றார் குடையக்கா.

"தெரியுது."

"இதுக்குக் கீழ எறங்காது. இதுதான் அதோட மோசமான மொகம். புடிச்சிருந்தாச் சொல்லுங்க."

கடைக்காரர் சுற்றி நின்ற முகங்களைப் பார்த்தார். டிராக்டரில் வந்தவர் மனைவியிடம் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். அப்பா வழக்கம்போல, "ஆறுதலா யோசிச்சு..." என்று தொடங்கினார். குடையின் நுனி அப்பாவின் கால்விரலில் இறங்கியது. அப்பா வாயை மூடிக்கொண்டார்.

"நான் எடுக்கிறன் ஐயா," என்றார் கடைக்காரர். "நீங்கள் முதல் சொன்ன விலைக்கே."

முதல் சொன்ன விலை எது என்பதே எங்களுக்கு மறந்துபோயிருந்தது. அவருக்கு ஞாபகம் இருந்தது.

வெள்ளிக்கிழமை காலையில் நான்கு பேரும் அக்கராயனுக்குப் புறப்பட்டோம். கடைக்காரர் தந்த அச்சாரத்தோடு அப்பா ஒரு சைக்கிளில். என் கரியரில் அம்மா. எல்லோருக்கும் முன்னால், குடை ஹாண்டிலில் ஆட, குடையக்கா. கிரவல் றோட்டில் பள்ளம் வரும் இடமெல்லாம் அம்மா என் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, மெதுவாப் போ என்று ஒரு தடவையும் சொல்லாமல் வந்தார்.

நாங்கள் போனபோது மற்ற ஆட்கள் வந்துவிட்டார்கள். வாத்தியாரின் விறாந்தையில் இருந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். தட்டத்தில் வெற்றிலையும் பாக்கும் இருந்தன. வாத்தியார் எழும்பி நின்றார்.

"நான் என்ன செய்யிறது?" என்றார் அப்பாவிடம். "வரேல்லை எண்டு உங்கட மச்சாள்தானே வந்து சொன்னவா. இவையள் நல்ல நேரம் பார்த்து வந்திருக்கினம்."

குடையக்கா முன்னால் போனார். பிழை தன்னுடையது, இவர்களைச் சொல்லவிடாமல் தடுத்தது தான் என்று கும்பிட்டுச் சொன்னார். வாங்க வந்திருந்த மனிதர் தேநீர்க் கோப்பையை வைத்துவிட்டு, தரகர் சொன்னால் வாத்தியார் வாக்கு மாறுவாரோ என்று கேட்டார். அது நியாயமான கேள்வி. குடையக்கா ஒரு அடி பின்னால் வந்து குடையை ஊன்றினார்.

அப்போதுதான் அம்மாவைக் காணவில்லை என்று கவனித்தேன்.

வளவின் ஓரத்தில் ஓலை கிழிபடும் சத்தம் கேட்டது. அம்மா வேலியடியில் நின்றார். சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, இரண்டு கதியாலுக்கு நடுவில் இருந்த கட்டை அவிழ்த்து, ஓலைக் கிடுகைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார். மூன்று கிடுகு கீழே கிடந்தது. அந்தப் பக்கத்தில் சின்னம்மா முற்றம் கூட்டின தும்புத்தடியோடு அசையாமல் நின்றார்.

"எடியே, நான் வாறன் எண்டு உனக்குத் தெரியாதோ?" என்றார் அம்மா. "ஊர் சொன்னால் நம்புவியோ?"

"நீங்கள் சொல்லேல்லையே அக்கா."

"சொல்ல விடேல்லையடி." அம்மா நாலாவது கிடுகையும் இழுத்தார். பிறகு குனிந்து, அந்தப் பொட்டுக்குள்ளால் அந்தப் பக்கம் போய்விட்டார்.

விறாந்தையில் இருந்த எல்லோரும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றோம். எங்கள் ஊர்ப் பக்கத்தில் வேலிக்காகத் தலைமுறையாகக் கோர்ட்டுக்குப் போனவர்கள் இருக்கிறார்கள். ஒரு கதியால் ஒரு சாண் நகர்ந்தால் கத்தி எடுப்பவர்கள் இருக்கிறார்கள். அச்சாரம் கொடுக்க வந்தவரின் மனைவி மெல்லக் கணவனின் முழங்கையைத் தொட்டார்.

"வேண்டாமப்பா," என்றார். "பொட்டு விழுந்த வளவு எங்களுக்கு என்னத்துக்கு? நாளைக்கு அடைச்சாலும் இந்த மனிசி பிரிச்சுப்போடும்."

வாத்தியார் சிரிக்கத் தொடங்கினார். சிரிப்பை நிறுத்த முடியாமல் விறாந்தைத் தூணைப் பிடித்துக்கொண்டார். பிறகு வெற்றிலைத் தட்டத்தை எடுத்து அப்பாவின் பக்கம் நீட்டினார். அச்சாரம் கொடுக்க வந்தவரும் பெருந்தன்மையோடு ஒரு வெற்றிலையை எடுத்து மடித்துக்கொண்டு எழும்பினார்.

குடையக்கா திரும்பும் வழியெல்லாம் அதையே சொல்லிக்கொண்டு வந்தார். இத்தனை காலம் கதையை விட்டு வீடு விற்றேன், விற்கிறவரிடம் ஒரு சொல் பேசாமல் வீடு வாங்கின ஆளை இன்றைக்குத்தான் பார்த்தேன் என்றார். அதன்பின் அவருடைய விதி கொஞ்சம் மாறியது. ஒரு ஆளுக்கும் சொல்லாதீங்க என்பார். பிறகு குரலைத் தாழ்த்தி, கூடப் பிறந்தவர்களுக்கு மட்டும் சொல்லலாம் என்பார்.

தரகுக்கு மேலே அவர் எங்களிடம் கேட்டது ஒன்றுதான், சாய்ப்புக்குள் கிடந்த பலகை. என்னத்துக்கு என்று கேட்டதற்கு, நல்ல முதிரை என்றார். சில மாதம் கழித்து என்னைத் தன் வீட்டுக்கு வரச்சொல்லி ஆள் அனுப்பினார். மண் வீடுதான். ஆனால் முற்றம் மெழுகிப் பளிச்சென்று இருந்தது. அவர் காடு வெட்டிக் குடியிருந்த நிலத்துக்கு அந்தக் கிழமை பெர்மிட் கிடைத்திருந்தது. பெர்மிட் காணி அரசாங்கத்துடையது. ஆண்டு அனுபவிக்கலாம், பிள்ளைகளுக்கு விடலாம், விற்க முடியாது. அதை அவர் என்னிடம் ஏதோ வரம் கிடைத்தது போலச் சொன்னார்.

"விக்க ஏலாதாம் புள்ள. யாராலயும் ஏலாதாம். ஆனா என்னோடது."

பலகையை மடியில் வைத்திருந்தார். அதில் 'விற்பனைக்கு' என்பதற்குப் பக்கத்தில் இன்னொரு சொல் எழுத இடம் இருக்கிறதா என்று கேட்டார். ஓரத்துக்காக நான் அளந்து விட்டிருந்த இடம் போதுமாக இருந்தது. அதே உயரத்தில், அதே இடைவெளியில் 'இல்லை' என்று எழுதினேன். அவருக்கு வாசிக்கத் தெரியாது. விரலால் தடவிப் பார்த்துவிட்டுப் படலையில் தானே தொங்கவிட்டார்.

"இந்தக் கதை மட்டும் எத்தனை நாள் தொங்கினாலும் பழசாகாது," என்றார்.

பிறகு வந்த வருடங்களில் போர் நெருங்கி, வாங்கியவர்களும் விற்றவர்களும் எல்லா வீடுகளையும் அப்படியே விட்டுவிட்டு ஓடினோம். அம்மாவும் சின்னம்மாவும் ஒரே தறப்பாள் கூடாரத்துக்குள் இருந்தார்கள். பொட்டு வைக்க அங்கே வேலியே இல்லை. குடையக்காவைப் பற்றி ஒருவருக்கும் தெரியவில்லை. புளியங்குளம் பக்கம் போனார் என்றார்கள். போகவில்லை என்றும் சொன்னார்கள். நான் கேட்ட இடமெல்லாம் வேறு வேறு பதில்.

ஒருநாள் வேலை விடயமாக ஒட்டுசுட்டானுக்குப் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தேன். காட்டோரமாகத் தறப்பாள் கொட்டில்கள் வரிசையாக வந்தன. யானையை விரட்டத் தகரங்கள் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். ஒரு கொட்டிலின் முன்னால், இரண்டு தடியை நட்டுக் கட்டிய படலையில், ஒரு பலகை தொங்கியது. எழுத்தைவிட முதலில் நான் கண்டது இடைவெளிகளை. அவை என்னுடையவை. எழும்பி மணிக்கயிற்றை இழுத்தேன்.

"இதில தரிப்பு இல்லைத் தங்கச்சி," என்றார் கொண்டக்டர்.

"பரவாயில்லை, இறக்கி விடுங்கோ."

புழுதிக்குள் ஓடினேன். படலைக்குக் கிட்டப் போக முன்னமே உள்ளிருந்து கறுப்புக் குடையின் நுனி தெரிந்தது. பிறகு அவர் வந்தார். மெலிந்திருந்தார். என்னை மேலும் கீழும் பார்த்தார். குடையைத் தூக்கிப் பலகையைக் காட்டினார்.

"பாத்தீங்களா புள்ள," என்றார். "இன்னும் பழசாகல."